சதுக்கத்தில் எழுந்த குரல்: மான்செஸ்டர் துயரமும் ராக் ரசிகர்களின் கட்சிப்பூசலும்

2017 மே 25, காலை 11 மணி. மான்செஸ்டர் நகரின் செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் ஒரு நிமிட மௌன அஞ்சலி முடிந்தது. மூன்று நாள்களுக்கு முன்பு, பாப் பாடகி அரியானா கிராண்டேயின் இசை நிகழ்ச்சி முடிந்து ஜனங்கள் வெளியேறும் நேரத்தில், மான்செஸ்டர் அரீனாவின் வாசல் கூடத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்திருந்தார்கள். இறந்தவர்களில் இளையவளுக்கு எட்டு வயது. சதுக்கத்துத் தரையெங்கும் பூங்கொத்துகள். கலைந்து போவதா, நிற்பதா என்று தெரியாமல் கூட்டம் தயங்கியபோது, ஒரு பெண் தணிந்த குரலில் ஓயாசிஸ் குழுவின் ‘டோண்ட் லுக் பேக் இன் ஆங்கர்’ (கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே) பாட்டைத் தொடங்கினாள். முதல் அடிகளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் மட்டும் சேர்ந்துகொண்டார்கள். பல்லவி வந்தபோது சதுக்கமே பாடியது.

இந்தக் காட்சியை விளக்குபவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: பெருந்துயரத்தின் முன்னால் சிறு பூசல்கள் அடங்கிவிடும், ரசிகர்கள் தங்கள் கட்சிகளை மறந்து ஒன்றாகிவிடுவார்கள். இந்த விளக்கம் தவறு என்று கருதுகிறேன். மான்செஸ்டரில் பூசல் அடங்கவில்லை. அதைவிட முக்கியமானது, அந்தச் சதுக்கத்துக்கு ஒரு பாட்டைத் தயாராக வைத்திருந்ததே பழைய பூசல்தான்.

1995 ஆகஸ்ட் 14 அன்று ஓயாசிஸும் பிளர் குழுவும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டன. பிளரின் ‘கன்ட்ரி ஹவுஸ்’ அந்த வாரம் 2,74,000 பிரதிகள் விற்றது. ஓயாசிஸின் ‘ரோல் வித் இட்’ 2,16,000. என்எம்இ இசை இதழ் இதைக் குத்துச்சண்டைப் போட்டியாகவே அட்டையில் போட்டது. நாடே கட்சி கட்டிக்கொண்டது. போட்டி இரண்டு குழுக்களுக்கு இடையே மட்டும் நடந்ததல்ல. ஒரு பக்கம், லண்டன் கலைக்கல்லூரி வழியாக வந்த நடுத்தர வர்க்கத்துப் பையன்கள். மறுபக்கம், மான்செஸ்டரின் பர்னேஜ் பகுதியில் அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் வளர்ந்த கேலகர் சகோதரர்கள். வடக்குக்கும் தெற்குக்கும், உழைப்பாளி வீட்டுக்கும் படித்தவர் வீட்டுக்கும் இருந்த பழைய கணக்கு இரண்டு இசைத்தட்டுகளின் மேல் ஏற்றி வைக்கப்பட்டது. ஓயாசிஸ் ரசிகன் அந்தப் பாட்டுகளை நெஞ்சில் ஏற்றிக்கொண்டது ரசனையால் மட்டுமல்ல. ‘நாங்கள் யார்’ என்று எதிர்க்கட்சிக்குக் காட்டவும்தான். மதுக்கடையிலும் கால்பந்து மைதானத்திலும் தோளில் கைபோட்டு உரக்கப் பாடிப் பாடி அவை வாய்ப்பாடமாயின. 1996 பிப்ரவரியில் சிங்கிளாக வெளியான ‘டோண்ட் லுக் பேக் இன் ஆங்கர்’ அந்தப் பயிற்சியின் உச்சம். அதே ஆண்டு ஆகஸ்டில் நெப்வொர்த் திடலில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். துக்கம் வந்த நாளில் அந்த நகரம் புதுப்பாட்டு தேடவேண்டியிருக்கவில்லை.

துயரத்துக்கென்றே இயற்றிய பாட்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பால் மெக்கார்ட்னி ‘ஃப்ரீடம்’ எழுதினார். அக்டோபர் 20 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடினார். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஆப்கானிஸ்தான் போர் தொடங்கியிருந்தது. பாட்டு போர்முழக்கமாகக் கேட்கப்பட்டது. பின்னாளில் அவர் அதைத் தம் மேடைகளிலிருந்து விலக்கிக்கொண்டார். நீல் யங் கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளை வைத்து ‘லெட்ஸ் ரோல்’ எழுதினார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அவசரப்படவில்லை. 2002 ஜூலையில் வந்த அவருடைய ‘தி ரைசிங்’ தொகுப்பு இவற்றுள் நிலைத்து நிற்பது என்பது என் தீர்ப்பு. ஆனால் மூன்றுமே, நம் புறப்பாட்டு மரபின் சொல்லில், கையறுநிலை: ஒரு புலவன், ஓர் இழப்பு, அதற்கென்றே கட்டிய பாட்டு. மான்செஸ்டர் சதுக்கத்தில் நடந்தது ஒப்பாரிக்கு நெருக்கமானது. ஒப்பாரியில் மெட்டு முன்பே இருக்கிறது. எவளோ ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள், அன்றைய சாவு அந்த மெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே ஓர் உறுத்தல் எழுகிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அன்றிரவு அரீனாவுக்குப் போனவர்களில் பெரும்பகுதி சிறுமிகளும் இளம்பெண்களும். அவர்களுடைய பாட்டுகள் அரியானாவுடையவை. அப்படிப்பட்ட பாப் பாடகிகளின் ரசிகைகளை ராக் ரசிகர்கள் காலங்காலமாக மட்டமாகவே பேசிவந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அந்தச் சிறுமிகளுக்கான துக்கத்தை அவர்கள் பிறக்குமுன் வந்த ஒரு ராக் பாட்டு எடுத்துக்கொண்டது நியாயமா? வாசல் கூடத்தை நினைத்துப் பார்த்தால் ஒரு பகுதி விடை கிடைக்கும். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர்கள் காத்திருந்த இடம் அது. இறந்தவர்களில் பெற்றோர்களும் உண்டு. 1996இல் இருபது வயதில் இருந்தவருக்கு 2017இல் நாற்பத்தொன்று. மகளைக் கச்சேரிக்குக் காரில் கொண்டுவிடும் வயது. சதுக்கத்தில் பாடிய பாட்டு, காத்திருந்தவர்களின் தலைமுறைக்குரியது. ஆனாலும் மகள்களின் பாட்டுக்கு அந்த நேரத்தில் இடம் கிடைக்கவில்லை என்பது மாறாது.

ஜூன் 4 அன்று ஓல்ட் டிராஃபோர்டு கிரிக்கெட் மைதானத்தில் அரியானா நடத்திய நிகழ்ச்சியில்தான் அந்தக் கணக்கு ஓரளவு நேரானது. கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டினோடு சேர்ந்து அவரே ஓயாசிஸ் பாட்டைப் பாடினார். பிறகு, முன்னறிவிப்பில்லாமல், செம்மஞ்சள் மேலங்கியோடு கேலகர் சகோதரர்களில் இளையவரான லியம் மேடையேறினார். பல ஆண்டுகளாகக் கோல்ட்பிளேயைக் கேலி பேசிவந்தவர், அதே கிறிஸ் மார்ட்டினின் கிடாரோடு ‘லிவ் ஃபாரெவர்’ பாடினார். பூசல் அடங்கியதற்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் லியம், வராமல் போன அண்ணன் நோயலுக்காக ட்விட்டரில் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரைக் கடுஞ்சொற்களால் திட்டினார். நோயல் குடும்பத்தோடு வெளியூரில் இருந்தார். ‘டோண்ட் லுக் பேக் இன் ஆங்கர்’ பாட்டின் வருவாயை நிவாரண நிதிக்குக் கொடுத்திருந்தார் என்ற செய்தியும் வந்தது. ரசிகர்கள் உடனே இரண்டாகப் பிரிந்தார்கள். யார் மான்செஸ்டருக்கு உண்மையானவர் என்பதே இப்போது வழக்கு. துக்கம் பூசலுக்கு ஒரு புதிய அளவுகோலைத் தந்திருந்தது. செப்டம்பர் 9 அன்று அரீனா மீண்டும் திறந்தபோது மேடையில் நின்றவர் நோயல்.

மிகக் கூர்மையான மறுப்பும் அதே ஊர்க்காரரிடமிருந்துதான் வந்தது. ஸ்மித்ஸ் குழுவின் மோரிசி 2022இல் மேடையேற்றிய ‘பான்ஃபயர் ஆஃப் டீனேஜர்ஸ்’, அந்த ஓயாசிஸ் பாட்டைச் சேர்ந்து பாடியவர்களையே கடிந்துகொள்கிறது. கோபத்தை விட்டுவிடச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்பது அதன் நிலை. மோரிசியின் அரசியல் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது: கோபப்படாதே என்ற பல்லவி ஆட்சியாளர்களுக்கு வசதியானது.

சதுக்கத்துக்குப் பிறகு நடந்தவற்றை வைத்தே இதற்கு விடை தேடவேண்டும். பொது விசாரணையில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வந்து உட்கார்ந்தன. மீட்புப் பணிகள் சறுக்கியதை 2022 நவம்பர் அறிக்கையும், உளவுத்துறை முக்கியமான வாய்ப்பைத் தவறவிட்டதை 2023 மார்ச் அறிக்கையும் பதிவு செய்தன. பலியானவர்களில் ஒருவரின் தாய் விடாமல் போராடியதால், பொது அரங்குகளின் பாதுகாப்புக்கான சட்டம் 2025 ஏப்ரலில் நிறைவேறியது. அவருடைய மகனின் பெயராலேயே அது ‘மார்ட்டின் சட்டம்’ என்று வழங்குகிறது.