சிலைகளின் இடப்பெயர்ச்சி: கொங்கு நாடும் சென்னையும்

பொதுவிடத்தில் ஸ்தாபிக்கப்பட்ட சிலையையோ ஞாபகச் சின்னத்தையோ பெயர்த்து வேறிடத்தில் வைக்கும் வழக்கம் நகரங்கள் விரிவடைந்த காலத்தில்தான் பெருகியது. ஆயினும், அதனால் விளையும் இழப்பை உணரக் கொங்கு நாட்டின் புலிகுத்திக் கற்களையே முதலில் நோக்குதல் தகும். பட்டியைக் காக்கப் புலியோடு பொருது மாண்ட வீரனையும், அவன்மேல் பாயும் புலியையும் ஒருங்கே செதுக்கி ஊரார் நட்ட அக்கல், மலையடிவாரத்து மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் வரையில் அதன் சரித்திரத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அருங்காட்சியகத்தில் சிற்பம் பத்திரமாயிருக்கும். காடும் பட்டியும் அதனோடு வருவதில்லை.

சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையின் விஷயம் இதற்கு நேர்மாறானது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியைக் கொடூரமாக ஒடுக்கிய அந்த அதிகாரியின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் சிறை புகுந்தனர். 1937-இல், ராஜாஜியின் மந்திரிசபைக் காலத்தில், சிலை அகற்றப்பட்டது. பின்னர் அது எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தது. கௌரவத்துக்குரிய பீடத்தை இழந்து சரித்திரச் சான்றாக மட்டும் எஞ்சுவதே அதற்கு ஏற்ற கதி.

அதே அருங்காட்சியகத்துக்குக் கண்ணகியை அனுப்பியதை அவ்வாறு நியாயப்படுத்த இயலாது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் எழுப்பப்பட்ட அவள் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்ற காரணத்தால் 2001 டிசம்பரில் பெயர்த்தெடுக்கப்பட்டது, கண்டனங்கள் எழுந்தன, ஆட்சி மாறிய பின், 2006 ஜூனில், மீண்டும் கடற்கரையில் நிறுவப்பட்டது. கொங்கிளங்கோசர் தம் நாட்டில் அவளுக்கு விழாவெடுத்துச் சாந்தி செய்தனரென்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுவதால், இச்சிலையின் வழக்கு கொங்கு மக்களுக்கும் உரியதே. 2006-ஆம் ஆண்டிலேயே கடற்கரைச் சாலையில் வைக்கப்பட்ட சிவாஜி கணேசன் சிலை, நீதிமன்ற உத்தரவின்படி 2017-இல் அடையாற்று மணிமண்டபத்துக்குச் சென்றது.

கோயமுத்தூரிலிருந்து பெயர்ந்த சின்னங்களுள் தலையாயது சிலையன்று, கற்செக்கு. ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1908-இல் தண்டனை பெற்ற வ.உ. சிதம்பரம் பிள்ளை, வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகக் கப்பலோட்டிய அந்தப் பெருமகன், கோவை மத்திய சிறையில் மாட்டுக்குப் பதிலாகப் பூட்டப்பட்டு இழுத்த செக்கு, இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் உள்ளது. தலைநகரில் அதனைக் காண்போர் மிகுதி என்பது மெய்யே. ஆனால், உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் அருகில்லாத ஒரு தோட்டத்தில், அக்கல்லைச் சுற்றி ஒரு மனிதன் நடந்த நடையின் வேதனை பார்ப்பவர் நெஞ்சில் எழுவது அரிது. அழகுக்கெனச் சமைத்த சிலை எங்கு நின்றாலும் ஓரளவு பேசும். வேதனையின் சாட்சியாக நிற்கும் பொருளுக்கு ஸ்தலமே பாதி வாக்கு. சின்னத்தைப் பெயர்க்கும்போது பழைய இடத்தில் அதன் விவரம் பொறித்த கல்லொன்றை நாட்டுவது கட்டாயமாதல் வேண்டும் என்பதற்கு இச்செக்கைவிடத் தெளிவான சான்று இல்லை.

வ.உ.சி.யின் 150-ஆம் பிறந்த ஆண்டையொட்டி, கோவை வ.உ.சி. பூங்கா வளாகத்தில் அவருக்கு முழு உருவச் சிலை நிறுவப்படுமெனத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. அப்பூங்கா, அவர் செக்கிழுத்த சிறைக்கு அண்மையிலேயே உள்ளது.