மரக்கட்டைமேல் நிற்கும் மாநகரம்

இன்றைய வரலாற்றுப் பேச்சில் நாம் சற்றுத் தொலைவு போகவிருக்கிறோம். லண்டனில் மேற்படிப்புப் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர், சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுமுறையில் ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெதர்லாந்து, அதாவது நம்மவர் ஹாலந்து என்று வழங்கும் நாட்டின் தலைநகரம் அது. கையில் காசு குறைவு, காலில் வலுவிருக்கிறது. அந்நகரைப் பார்க்க அது போதும். அவர் பின்னாலேயே நாமும் நடப்போம்.

ரயிலை விட்டு இறங்கும் இடமே வியப்புக்குரியது. 1889இல் திறக்கப்பட்ட அந்த ரயில் நிலையம், நீரில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவுகளின்மேல், 8,600க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளை அடியில் அறைந்து கட்டப்பட்டது. நிலையம் மட்டுமன்று, பழைய நகரம் முழுவதுமே அப்படித்தான். ஆம்ஸ்டல் என்னும் ஆற்றுக்கு 13ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த மக்கள் ஓர் அணை கட்டினார்கள். ஆம்ஸ்டல் அணை என்பதுதான் பின்னர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. 1275இல் ஐந்தாம் ஃபுளோரிஸ் என்ற கோமகன் அவ்வணையருகே வாழ்ந்தவர்களுக்குச் சுங்கவரி விலக்கு அளித்தார். அந்தப் பத்திரத்தில்தான் ஊரின் பெயர் முதன்முதலாக வருகிறது.

ஊரின் அடியிலே இருப்பது இலைதழை மக்கிய கருஞ்சேறும் களிமண்ணும். கெட்டியான மணல் வேண்டுமென்றால் ஏறக்குறைய 12 மீட்டர் கீழே போகவேண்டும். கேரித் தீவிலும் கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் கடலோரத் தோட்டங்களில் பாடுபட்டவர்களுக்கு இத்தகைய மண்ணைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கரை போட்டு, வடிகால் வெட்டி, மதகு வைத்துக் கடல்நீரைத் தடுத்தவர்கள் அல்லவா அவர்கள்! நம் நாட்டில் சேற்று நிலத்தில் பக்காவ் மரத்தை அடித்து இறக்கி அதன்மேல் கட்டடம் எழுப்பியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே நார்வே முதலிய வடநாடுகளிலிருந்து கப்பலில் வந்த ஊசியிலை மரங்களை நட்டார்கள். பலர் சேர்ந்து கயிறு பிடித்து ஒரு பெரும்பாரத்தை மேலே தூக்கி, கட்டையின் தலையில் விட்டு விட்டு அடிப்பார்கள். எல்லாரும் ஒருசேர இழுப்பதற்காகப் பாட்டும் பாடுவார்கள். நடவு வயலில் மட்டும்தான் வேலைக்குப் பாட்டு என்று எண்ண வேண்டாம்.

தண்ணீரில் கிடக்கும் மரம் மக்கிப்போகாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. முழுவதும் நீருக்குள் மூழ்கி, காற்றுப் படாமல் இருக்கும் மரம் எளிதில் மக்குவதில்லை. நீர்மட்டம் தாழ்ந்து கட்டையின் தலை வெளியே தெரிந்தால்தான் பூஞ்சை பிடித்து அழுகத் தொடங்கும். ஆகவே ஊரை மூழ்கடிக்கக் கூடிய அதே தண்ணீர்தான் ஊரைத் தாங்கும் கட்டைகளையும் காக்கிறது. மட்டம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நகரின் நடுவே டாம் சதுக்கத்தில் நிற்கும் அரண்மனை, நகர மன்றமாகக் கட்டத் தொடங்கப்பட்டது 1648இல். அதன் அடியில் 13,659 கட்டைகள் உள்ளதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கால்வாய்க் கரைச் சுவர்களும் கட்டைமேல் நிற்பவைதாம். குதிரைவண்டி ஓடிய காலத்தில் நட்ட கட்டைகளின்மேல் இந்நாளில் லாரி ஓடினால் தாங்குமா? 2020ஆம் ஆண்டில் கிரிம்பர்க்வால் என்னும் கால்வாயின் கரைச்சுவர் ஒருநாள் அப்படியே சரிந்து நீரில் விழுந்தது.

புகழ்பெற்ற மூன்று பெருங்கால்வாய்களைத் தோண்டும் வேலை 1613இல் தொடங்கியது. ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்பவை அவற்றின் பெயர்கள். கிராக்ட் என்றால் கால்வாய். கனவான்களின் கால்வாய், பேரரசரின் கால்வாய், இளவரசரின் கால்வாய் என்று பொருள் கொள்ளலாம். 1580களில் ஏறக்குறைய 30,000 பேர் வாழ்ந்த ஊரில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் 200,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கரையோரத்தில் குறுகிய முகப்பும் நீண்ட உள்ளுமாக வணிகர் வீடுகள் எழுந்தன. வீட்டு நெற்றியில் ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கயிறும் கப்பியும் மாட்டி, படகில் வந்த மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றுவார்கள். கீழே குடும்பம், மேலே மிளகும் கிராம்பும்!

கனவான்களுக்கு இப்படி அளந்து திட்டமிட்ட நகரம், இளவரசர் கால்வாயைத் தாண்டியதும் மாறிவிடுகிறது. அங்கே யோர்டான் என்ற பகுதி. தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் அகதிகளாக வந்தவருக்கும் ஒதுக்கிய இடம். அங்கே புதுத் திட்டம் ஏதும் போடவில்லை. பழைய வயல் வரப்பும் வாய்க்காலும் எப்படிப் போயினவோ, அப்படியே தெருக்களையும் விட்டுவிட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தாலே கோணல் தெரியும். துரை பங்களாவையும் லயத்தையும் ஒரே தோட்டத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும். கழிவெல்லாம் கால்வாயில்தான் விழுந்தது. கோடையில் நாற்றம் தாளாமல் செல்வர்கள் நாட்டுப்புற மாளிகைகளுக்குப் போய்விடுவார்கள். ஏழைகள் எங்கே போவார்கள்? சுற்றிலும் தண்ணீர், ஆனால் குடிக்கத் தண்ணீரைப் படகில் கொண்டுவர வேண்டியிருந்தது. 1853இல்தான் கடலோர மணல்மேட்டிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது.

இத்தனை மாளிகைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பால்டிக் கடல் வழியாக நடந்த தானிய, மர வணிகத்தில் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் நம் மாணவர் சனிக்கிழமை மாலை ஆவுட ஹோக்ஸ்திராட் என்ற சிறிய தெருவுக்குள் நுழையட்டும். அங்கே ஒரு செங்கல் கட்டடம். இன்று பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1606இல் கட்டப்பட்டபோது அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகை. 1602இல் பங்கு சேர்த்துத் தொடங்கிய அக்கம்பெனியில் பெருவணிகர் மட்டுமல்லர், ஒரு வீட்டுப் பணிப்பெண்ணும் 100 கில்டர் போட்டிருந்தார். நிர்வாகம் செய்த 17 கனவான்களில் 8 பேர் ஆம்ஸ்டர்டாம்காரர்கள்.

அந்தக் கட்டடத்தில் முடிவான காரியங்கள்தாம் நம் முன்னோர் வாழ்ந்த கரைகளையும் தொட்டன. கால்வாய் தோண்டத் தொடங்கிய அதே 1613இல் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் அவர்களுடைய கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. 1658இல் நாகப்பட்டினம் அவர்கள் கைக்கு வந்தது. நம் பக்கம் மலாக்கா 1641 ஜனவரியில் போர்த்துக்கீசியரிடமிருந்து அவர்களிடம் வீழ்ந்தது. மலாக்காவில் ஹேரன் தெரு என்று ஒரு தெரு இருந்ததே, இன்று துன் டான் செங் லோக் பெயரைத் தாங்கி நிற்பது, அந்த ஹேரனும் ஆம்ஸ்டர்டாமின் ஹேரன்கிராக்டில் உள்ள ஹேரனும் ஒரே சொல்தான். மலாக்காச் செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலும் டச்சுக்காரர் காலத்தில், 1781இல் கிடைத்த நிலத்தில் எழுந்ததுதான்.

துணியும் மிளகும் மட்டும் கப்பலேறவில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் வாட்டியபோது, சோற்றுக்கு வழியில்லாமல் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். கங்காணி நோட்டுப் புத்தகத்தோடு ஊருக்குள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. டச்சு ஆவணங்களைத் துருவி இக்காலத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம். 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றியும் நூல் எழுதியவர். நூலகம் போகும் பிள்ளைகள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

கம்பெனி 1799இன் கடைசி நாளோடு ஒழிந்தது. ஆனால் பணம் வரும் வழி ஒழியவில்லை. நெஸ் என்ற தெருவில் ஃபிராஸ்காட்டி என்று இப்போது ஒரு நாடக அரங்கு இருக்கிறது. முன்னாளில் அங்கே புகையிலை ஏலம் நடந்தது. சுருட்டுக்கு மேலுறையாகச் சுற்றும் மெல்லிய இலை. நம் எதிர்க்கரையில், சுமத்ராவின் டெலியில் விளைந்தது. 1869இல் டெலிக் கம்பெனி தோன்றியது. சீனரும் ஜாவாக்காரரும் தமிழரும் அங்கே வேலைக்குப் போனார்கள். தமிழர்களில் பலர் மாட்டுவண்டி ஓட்டினார்கள், சாலையும் வடிகாலும் வெட்டினார்கள். 1884இல் மேடானில் அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. 1880இல் வந்த கூலிச் சட்டப்படி, ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. அவனைப் பிடித்துத் தண்டிக்கலாம். மேடானில் வழக்கறிஞராக இருந்த வான் டென் பிராண்ட் என்ற டச்சுக்காரரே மனம் பொறாமல், 1902இல் 'டெலியின் கோடிகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டு அங்கு நடந்த அடி உதைகளை அம்பலப்படுத்தினார். அரசாங்கம் விசாரிக்க ஆள் அனுப்பியது. 1904இல் அறிக்கையும் வந்தது. அதை அச்சிடாமல் பூட்டி வைத்தார்கள். யான் பிரேமன் என்ற ஆய்வாளர் தேடி எடுத்து 1987இல் வெளியிடும்வரை அது வெளிச்சம் காணவில்லை. அடிமை வணிகத்தில் நகருக்கு இருந்த பங்குக்காக ஆம்ஸ்டர்டாம் மேயர் ஃபெம்கெ ஹல்செமா 2021 ஜூலை 1ஆம் நாள் மன்னிப்புக் கேட்டார். தோட்டக் கூலிகளைப் பற்றி இன்னும் பேசவேண்டியது நிறைய இருக்கிறது என்பது நம் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை நம் மாணவர் பிரின்சன்கிராக்ட் 263ஆம் எண் வீட்டுக்குப் போவார். முன்கூட்டியே சீட்டு வாங்கியிருக்க வேண்டும், அத்தனை கூட்டம். தரைத்தளத்தில் மசாலைப் பொருள் அரைத்த அந்த வணிக இல்லத்தின் பின்கட்டில்தான், யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்டு 4ஆம் நாள்வரை குடும்பத்தோடு ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதினாள். பிடிபட்டு, 1945இல் முகாமிலேயே மாண்டாள். நெதர்லாந்தில் வாழ்ந்த யூதர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள்.

இதைப் பலரும் அறிவார்கள். அவ்வீட்டிலிருந்து சில நிமிட நடையில், யோர்டான் பகுதியில், நூர்டர்மார்க்ட் என்ற சந்தைத் திடல் இருப்பதைப் பலரும் அறிவதில்லை. 1941 பிப்ரவரியில் ஜெர்மானியர் நானூறுக்கும் மேற்பட்ட யூத ஆடவரைத் தெருவிலிருந்து பிடித்துப் போனார்கள். 24ஆம் நாள் மாலை அந்தத் திடலில் தொழிலாளர் கூடினார்கள். கூட்டத்தைக் கூட்டியவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். வில்லெம் கிரான் சாலைத் தொழிலாளி. பீட் நாக் தெருத் துப்புரவுத் தொழிலாளி. மறுநாள் காலை டிராம் ஓடவில்லை. துறைமுகத்திலும் பட்டறையிலும் வேலை நின்றது. தம் இனமல்லாத அண்டை வீட்டாருக்காக நகரத் தொழிலாளர் இரண்டு நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஜெர்மானியர் சுட்டும் சிறைபிடித்தும் அதை அடக்கினார்கள். கிரான் 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நாக் சித்திரவதைக்குத் தப்பிப் பிழைத்தார்.

பழைய யூதர் குடியிருப்பில், யோனாஸ் டேனியல் மையர் சதுக்கத்தில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நெஞ்சு நிமிர்ந்து நிற்கும் ஒரு துறைமுகத் தொழிலாளியின் சிலையை 1952இல் நிறுவினார்கள். ஒவ்வோராண்டும் பிப்ரவரி 25ஆம் நாள் மாலை மக்கள் வரிசையாக வந்து அதன் காலடியில் மலர் வைத்துப் போகிறார்கள்.