பாய்காட்: ஒரு மனிதரின் பெயர்

ஆங்கிலத்தில் ‘பாய்காட்’ என்ற வினைச்சொல் பிறந்த ஆண்டைக்கூடத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்: 1880. பிறந்த இடம் அயர்லாந்தின் மேயோ மாவட்டம். அங்கே எர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்தவர் சார்ல்ஸ் கன்னிங்ஹம் பாய்காட். விளைச்சல் பொய்த்தது, குத்தகையைக் குறைக்கச் சொன்னார்கள் குடியானவர்கள். அவர்கள் கேட்ட அளவுக்குக் குறைக்கவில்லை. நிலத்தைவிட்டு வெளியேற்ற நோட்டீஸ்தான் வந்தது.

யாரும் பாய்காட்டை அடிக்கவில்லை. வேலைக்காரர்கள் நின்றுகொண்டார்கள். கடைக்காரர் சாமான் தர மறுத்தார், கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், துணி வெளுக்கவும் ஆள் இல்லை. வயலில் கிடந்த கிழங்குகளை எடுக்க வெளியூரிலிருந்து ஐம்பது பேர் வந்தார்கள்; அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்கள்! காவல் செலவு விளைச்சலின் மதிப்பைப் பல மடங்கு தாண்டிவிட்டது. நவம்பர் இறுதியில் பாய்காட் ஊரைவிட்டே போனார்.

சமூக விலக்கத்துக்கு ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஒரு கிரேக்கச் சொல் இருந்தது. குடியானவர் வாயில் அது நுழையாது என்று உள்ளூர்ப் பாதிரியார் ஓ’மாலி பாய்காட்டின் பெயரையே வினையாக்கினார் என்பார்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் அதை அப்படியே வாங்கிக்கொண்டன.

தனியொருவர் ஒரு கடைக்குப் போகாமல் இருப்பது பாய்காட் ஆகாது. பலர் பேசிவைத்துச் செய்ய வேண்டும். தமிழில் புறக்கணிப்பு என்கிறோம். தனி மனிதரின் அலட்சியத்துக்கும் அதே சொல்தான் என்பதால் கூர்மை சற்று மழுங்குகிறது. பழைய ‘பகிஷ்காரம்’ இன்னும் நெருக்கம். இலங்கைத் தமிழில் அது ‘பகிஷ்கரிப்பு’ என்று உயிரோடு இருக்கிறது.