கூடிப் படித்த சிந்தாமணி

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவருக்கே அந்நூல் பிடிகொடுக்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை துணைக்கு இருந்தது. ஆனால் அவரோ தொலைவிலுள்ள சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்பவர். சமண சமயச் செய்திகள் வரும் இடங்களில் சொல் விளங்கியும் கருத்து விளங்கவில்லை. அந்த முட்டுப்பாட்டைத் தீர்த்தவர்கள் அவ்வூர்ச் சமணர்கள். அவர்கள் வீட்டில் சிந்தாமணியை மாதக்கணக்கில் கூடியிருந்து படிப்பார்கள். முடிக்கும் நாளில் தோரணம் கட்டிக் கொண்டாடுவார்கள். சந்திரநாத செட்டியார் போன்றோரிடம் கேட்டுக் கேட்டே ஐயர் தெளிவு பெற்றார். 1887இல் பதிப்பு வெளிவந்தது.

ஏட்டைக் காத்தது மட்டும் போதாது, கூடிப் படிக்கும் பழக்கமே பொருளைக் காத்தது என்பதற்கு இது சான்று. அது பக்திப் பாராயணம்தானே, இலக்கிய வாசிப்பு ஆகுமா என்று கேட்கலாம். வெறும் பாராயணமாக இருந்திருந்தால் ஐயரின் ஐயங்களுக்கு அங்கே விடை கிடைத்திராது. கூடிப் படிக்கையில் வழிநடத்துபவர் சொல்வதே முடிவாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் ஐயர் கேட்டதை அப்படியே ஏற்கவில்லை. உரையோடும் பல சுவடிகளோடும் ஒப்பிட்டார். துணையோடு கற்று, தனியே சோதிப்பதுதான் ஆழ்ந்த வாசிப்பு. இன்று அச்சுநூல் எளிதில் கிடைக்கிறது; உடனிருந்து கேள்வி கேட்கும் கூட்டத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.