மணிக்கட்டு நாடியின் மறுவரவு

கைந்நாடியைத் தொட்டு நோயறிதல் மருத்துவத்தின் மிகப் பழைய கலைகளுள் ஒன்று. ஆயினும், விரல் உணர்ந்ததைத் தாளில் வரைந்து அளக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது.

அதற்கு முன்னர் குருதியின் அழுத்தத்தை அறிய உடலைத் துளைக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் சமயகுரு, குதிரையின் தமனியோடு கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி 8 அடிக்கு மேல் எழுந்தது. இச்செய்தியை அவர் 1733இல் வெளியிட்டார். நோயாளியிடம் நாள்தோறும் செய்யத்தக்க முறையன்று இது.

1860இல் பிரெஞ்சு அறிஞர் மாரே, மணிக்கட்டில் பொருத்தும் நாடிவரைவுக் கருவியை அமைத்தார். நாடியின் துடிப்புக்கேற்ப அசைந்த நெம்புகோல், புகையேற்றிய தாளில் அலையாக வரைந்தது. இலண்டனிலுள்ள கைஸ் மருத்துவமனையில் பயின்ற பிரடெரிக் அக்பர் முகமது, 1872இல் அக்கருவியைத் திருத்தியமைத்தார். பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சேக் தீன் முகமதுவின் பேரர் இவர். சிறுநீரக நோய் தோன்றாதாரிடத்தும் உயர் அழுத்தம் இருத்தல் கூடும் என்பதை அலையின் வடிவங்கொண்டே இவர் உணர்த்தினார். 1884இல், 35ஆம் வயதில், குடற்காய்ச்சல் இவர் உயிரைக் கவர்ந்தது.

1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, புயத்தைச் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையை அளித்தார். 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே தமனியில் எழும் ஒலிகளைக் கேட்டு மேலழுத்தத்தையும் கீழழுத்தத்தையும் அளக்கக் காட்டினார். இரண்டு எண்கள் எளிதில் கிடைத்தன. எனவே அலையின் வடிவம் மறக்கப்பட்டது.

ஆனால், புயத்தின் எண் பெருந்தமனியின் எண்ணன்று. இதயம் எழுப்பும் அலை கிளைத்தமனிகளிற் செல்லுங்கால், எதிரொளித்து மீளும் அலைகளோடு கலந்து உருமாறுகிறது. ஆதலின் மேலழுத்தம் கையில் மிகுந்து தோன்றும். இவ்வேறுபாடு இளையோரிடம் பெரிது. முதுமையில் தமனி விறைப்பதால் மீளலை விரைந்து திரும்பிப் பெருந்தமனியின் சுமையைக் கூட்டுகிறது, வேறுபாடு சுருங்குகிறது. மூளையும் இதயமும் தாங்குவது இந்நடு அழுத்தத்தையே.

சிட்னியில் மைக்கேல் ஓ'ரூர்க்கும் உடனாய்வாளரும் இச்சிக்கலை ஆராய்ந்தனர். இதயத்துள் குழாய் செலுத்திப் பரிசோதிக்கப்பட்டவர்களிடம் பெருந்தமனி அலைக்கும் கைத்தமனி அலைக்கும் உள்ள தொடர்பைக் கணித்து, 1993இல் வெளியிட்டனர். அதன் பின்னர், மணிக்கட்டுத் தமனியை எலும்பின்மீது மெல்ல அழுத்தும் உணர்கருவியால் அலையைப் பதிந்து, கணக்கின் வழி நடு அழுத்தத்தை மதிப்பிட இயன்றது.

இதன் பயன் யாது? 2,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று விடை தந்தது. இருவகை மருந்துமுறைகளும் புயத்தில் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தைக் காட்டின. பெருந்தமனியிலோ, ஒரு முறையில் மேலழுத்தம் மற்றதைவிட 4.3 மில்லிமீட்டர் பாதரசம் குறைவாக இருந்தது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மணிக்கட்டு அலைக்கு அளவுகோல் தருவது புயப்பட்டையே. அதன் பிழை கணக்கிலும் புகும். ஆகவே, எண் வந்ததும் வடிவத்தைக் கைவிட்டது பிழையாயினும், வடிவம் மீண்டதும் எண்ணைப் புறக்கணித்தல் ஆகாது. இரண்டையும் இணைத்துப் பார்ப்பதே அறிவு. முகமது வரைந்த அலைகள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மதிப்புப் பெற்ற வரலாறு மாணவர்க்கு உணர்த்துவதும் இதுவே: கூர்ந்து நோக்கி எழுதிவைத்த உண்மை காத்திருக்குமேயன்றி அழிவதில்லை.