யசுதா மண்டபத்தின் அந்த இரண்டு நாட்கள்

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹோங்கோ வளாகத்துக்குப் போறவங்க முதல்ல அகாமோன் என்கிற சிவப்பு வாசல் முன்னாடிதான் போட்டோ எடுப்பாங்க. ஷோகுனோட மகளை மருமகளா வரவேற்க, மாஏதா பிரபு குடும்பம் 1827-ல் கட்டினது. அழகுதான். ஆனா நான் அதிக நேரம் நின்னது, கொஞ்சம் உள்ளே இருக்கிற யசுதா மண்டபத்துக்கு எதிரே.

1968-ல் சம்பளமில்லாத மருத்துவப் பயிற்சியை எதிர்த்துத் தொடங்கின போராட்டம் பெருசாகி, மாணவர்கள் இந்த மண்டபத்தையே பிடிச்சுக்கிட்டாங்க. 1969 ஜனவரி 18, 19: சுமார் 8,500 போலீஸ், கண்ணீர்ப்புகை, மேலேயிருந்து கல், பெட்ரோல் குண்டு. நாடே டிவியில் பார்த்தது. அந்த வருஷ நுழைவுத் தேர்வு ரத்து. அதுக்காகவே படிச்சுட்டிருந்த பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க!

மண்டபம் பல வருஷம் பழுது பார்க்காமலே கிடந்தது. இப்போ அங்கேதான் பட்டமளிப்பு விழா.