விபத்துக்குப் பின் வழக்கறிஞர்: ஓர் உரிமை வந்த வழி



சாலை விபத்து ஒன்று நேர்ந்துவிட்டால் நம் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு எழுவது வழக்கம். "தலையெழுத்து, நடந்துவிட்டது, கோர்ட்டு, கச்சேரி என்று நாம் எதற்கு அலைய வேண்டும்?" என்பார் ஒருவர். "உடனே ஒரு லாயரைப் பிடியுங்கள், பெரிய பணம் வரும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அவசரப் பேச்சு. விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை எப்படி வந்தது என்று அறிந்துகொண்டால், வழக்கறிஞர் எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பது நமக்கே விளங்கிவிடும்.

சாலையைப் பற்றிய நம்மவர் வரலாற்றைக் கிள்ளானிலிருந்து தொடங்கலாம். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தோட்டத் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, இறங்காமல் சைக்கிளில் செல்லும் உரிமையும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. சிலாங்கூரில் அவசரகால நிலையை அறிவித்துப் படையை இறக்கியது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். சாலையில் தலைநிமிர்ந்து போவதற்கே அவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நிலையில், அதே சாலையில் ஒரு காடி மோதிவிட்டால் ஈடு கேட்டு நீதிமன்றம் செல்வதைத் தொழிலாளி நினைத்துத்தான் பார்த்திருப்பாரா?

இழப்பீட்டுச் சட்டமும் ஏழைக்குச் சாதகமாகத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் 1846-ஆம் ஆண்டு வரை ஒரு விசித்திரமான நிலை இருந்தது. பிறருடைய கவனக்குறைவால் காலை இழந்தவர் வழக்குப் போடலாம். ஆனால் அவர் உயிரையே இழந்துவிட்டால் அவருடைய மனைவி மக்கள் எதுவும் கேட்க முடியாது! இரயில் பாதைகள் பெருகி விபத்துகளும் பெருகிய அந்தக் காலத்தில்தான், இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்கலாம் என்று 1846-இல் சட்டம் வந்தது. அந்தக் கருத்தே நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. இன்று ஒரு விதவை நீதிமன்றத்தில் பேச முடிகிறது என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

தொழிலாளருக்கென்று வந்த பாதை வேறு. கூட்டு மலாய் மாநிலங்களில் 1929-ஆம் ஆண்டிலும், பிறகு மலாயா முழுமைக்கும் 1952-ஆம் ஆண்டிலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, வேலையில் அடிபட்டவர் ஈடு பெறலாம் என்பது இவற்றின் சிறப்பு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் செயல்படத் தொடங்கிய சொக்சோ இதை மேலும் வளர்த்தது. வேலை இடத்தில் மட்டுமின்றி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நேரும் விபத்தும் இப்போது அதில் அடங்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா பக்கங்களில் குடியேறி, மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குச் செல்லத் தொடங்கிய பிறகு இந்த விதி மிகப் பெரிய துணையாயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று 1970-களில் தனிப்பாதை போட வேண்டி வந்ததே, எத்தனை பேர் அப்படிப் பயணம் செய்தார்கள் என்பதற்குச் சான்று. சொக்சோவில் பணம் கேட்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. படிவம், மருத்துவச் சான்று, போலீஸ் புகார் ஆகியவை இருந்தால் நாமே செய்யலாம், தொழிற்சங்கமும் வழிகாட்டும்.

அப்படியானால் வழக்கறிஞர் எங்கே வருகிறார்? மோதியவர் மீது தவறு என்று நிரூபித்து இழப்பீடு கேட்கும்போது வருகிறார். இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வழக்கில் வென்றாலும் ஓட்டுநரிடம் பணமில்லை என்றால் தீர்ப்பினால் என்ன பயன்? அதனால்தான் வாகனம் வைத்திருப்பவர் மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்ற விதி பிறந்தது. இங்கிலாந்தில் அது 1930-இல் வந்தது. நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும், அதன் பிறகு வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டத்திலும் அவ்விதி இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாடகை கொடுத்தோ வேலை ஒப்பந்தத்தின் பேரிலோ அல்லாமல், நட்புக்காகக் காடியிலோ மோட்டார் சைக்கிளின் பின்னாலோ ஏறிச் செல்பவரை அந்த வாகனத்தின் காப்புறுதி உள்ளடக்கியே ஆகவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இப்படிப்பட்ட நிலையில் சட்டம் தெரிந்தவரின் ஆலோசனை மிகவும் தேவை.

இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு எத்தனை ஆண்டு வருமானத்தைக் கொடுப்பது என்பதை நீதிபதியே முடிவு செய்தார். 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குக் கணக்கு வகுத்தது: 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டு, அதற்கு மேல் என்றால் 55-இலிருந்து வயதைக் கழித்து, மீதியில் பாதி. 55 வயதை எட்டியவருக்கு வருமான இழப்பு என்று எதுவுமே கிடைக்காது. 55-க்குப் பிறகும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய தொழிலாளர்களுக்கு இது பெரிய குறையாக இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வயதை 60 ஆக்கியது; துயர் இழப்பீட்டையும் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாக உயர்த்தியது.

ஓர் எடுத்துக்காட்டு. 40 வயதான ஒருவர் மாதம் 1,000 வெள்ளி இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60-இலிருந்து 40-ஐக் கழித்தால் 20. அதில் பாதி 10 ஆண்டு. ஆண்டுக்கு 12,000 வெள்ளி என்றால், மொத்தம் 1,20,000 வெள்ளி. அவர் இறந்துவிட்டார் என்றால், தமக்கென்று செலவழித்திருக்கக்கூடிய பகுதியைக் கழித்தே குடும்பத்தின் இழப்பைப் பார்ப்பார்கள். இந்தக் கணக்கு எதில் நிற்கிறது? சம்பளச் சீட்டில் நிற்கிறது. கையில் வாங்கிய கூலிக்குச் சீட்டு இல்லை என்றால், உண்மையை நிரூபிப்பதே கடினமாகிவிடும். ஆகவே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது, நாளைய வழக்குக்கு இன்றே செய்யும் உதவி.

இனி, முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். வாகனத்தில் மட்டும் சிறு சேதம், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால், காப்புறுதி நிறுவனத்திடம் நேரே பேசினாலே பெரும்பாலும் போதும். வேலைப் பயணத்தில் அடிபட்டால் முதலில் சொக்சோ. ஆனால் உறுப்பு இழப்பு, நீண்ட நாள் சிகிச்சை, மரணம், யார் மீது தவறு என்பதில் தகராறு, தோட்டத்தின் அல்லது முதலாளியின் வாகனம் சம்பந்தப்பட்டது ஆகிய நிலைகளில் வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். முழுமையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட பிறகு, மீண்டும் கேட்பது மிகக் கடினம்.

வழக்கறிஞரை நாம் தேடிச் செல்ல வேண்டுமே ஒழிய, அவருடைய ஆள் என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக் கட்டிலருகே வரும் தரகரிடம் நம் அடையாள அட்டையைக் கொடுக்கக் கூடாது. "வெற்றி கிடைத்தால் இவ்வளவு பங்கு எனக்கு" என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வதை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. கட்டணம் எவ்வளவு, மருத்துவ அறிக்கை முதலியவற்றின் செலவு யாருடையது, தோற்றால் என்ன ஆகும் என்று முதல் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நம் உரிமை. வசதி இல்லாதவருக்கு 1970-இல் அரசு ஏற்படுத்திய சட்ட உதவி அலுவலகம் இன்று துறையாக இயங்குகிறது. 1980-களில் தொடங்கிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் உண்டு. நம் வழக்கை ஏற்பார்களா என்று அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

காலம் ஒன்றுதான் யாருக்கும் காத்திராதது. ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 6 ஆண்டுக்குள்ளும், மரணம் நேர்ந்தால் குடும்பத்தின் வழக்கை 3 ஆண்டுக்குள்ளும் தொடுக்க வேண்டும். அரசாங்க வாகனம் என்றால் காயத்துக்கும் 36 மாதமே. துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்து காலத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு, எத்தனை நல்ல சட்டம் இருந்தும் பயனில்லை.

சைக்கிளை விட்டு இறங்காமல் போவதற்குப் போராடியவர்களின் பிள்ளைகள் நாம். நீதிமன்றப் படியேறுவது பெரிய துணிச்சலும் அன்று, பேராசையும் அன்று. போலீஸ் புகார், மருத்துவத் தாள், சம்பளச் சீட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டு, குடும்பமாக உட்கார்ந்து நிதானமாகப் பேசி முடிவெடுப்போம்.